குளுக்கோஸ் தண்ணி குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது கேட்கும் கேள்விகள்

நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் சுகர் டெஸ்ட்டுக்கு வரும் நாள். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, குடித்த நேரத்தைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால், அடுத்த இரண்டு மணி நேரமும் லேப் வாசல் பெஞ்சில்தான் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். பொழுது போகாது, பேச்சு தொடங்கும். வாராவாரம் அதே சந்தேகங்கள், ஆள்தான் வேறு. ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டபோதுதான் இதையெல்லாம் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். எந்த மருந்து, எத்தனை யூனிட் என்பதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியது, அதற்குள் நான் போகவில்லை.

எனக்குச் சுகரே கிடையாது, எங்க வீட்டுல யாருக்கும் இல்ல. எனக்கு எதுக்கு இந்தத் தண்ணி?

எல்லோருக்கும் கொடுக்கிறோம், உங்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கொடுப்பதில்லை. குண்டாக இருப்பவர்கள், குடும்பத்தில் சுகர் இருப்பவர்கள் என்று பொறுக்கியெடுத்துச் சோதிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. நம் ஆட்களுக்கு அது சரிப்படாது. 2008-ல் வெளியான தமிழ்நாட்டு ஆய்வில் கர்ப்பிணிகளில் நகரத்தில் 17.8 சதவீதம், நகரை ஒட்டிய பகுதியில் 13.8 சதவீதம், கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்குக் கர்ப்பகாலச் சுகர் இருந்தது. கிராமத்திலேயே பத்தில் ஒருவர் என்றால் யாரை விட்டுவிட்டு யாரைச் சோதிப்பது?

அந்த ஆய்வை நடத்தியவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. கர்ப்பிணிகள் அத்தனை பேருக்கும் சோதனை வேண்டும் என்று பல வருடம் விடாமல் சொல்லிவந்தவர். 2007-ல் தமிழ்நாடு அரசு அதை ஆணையாகவே போட்டது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

இனிப்பு நிறைய சாப்பிட்டதால வந்துச்சா? மாமியார் அப்படித்தான் சொல்றாங்க.

மாமியாரிடம் நஞ்சுக்கொடியைக் கைகாட்டுங்கள். குழந்தைக்குச் சாப்பாடு போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. தாயின் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவிடாமல் அவை கொஞ்சம் மந்தப்படுத்தும், அப்போதுதான் சர்க்கரை ரத்தத்திலேயே நின்று குழந்தைக்குப் போகும். ஐந்தாம் மாதத்துக்கு மேல் நஞ்சுக்கொடி வளர வளர இந்த மந்தமும் கூடும். பெரும்பாலான பெண்களின் கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடுகிறது. சிலருக்கு அந்த அளவுக்குச் சுரக்க முடிவதில்லை, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

வயது, எடை, பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் கணையத்தின் தெம்பைத் தீர்மானிக்கின்றன. வளைகாப்பில் சாப்பிட்ட ரெண்டு லட்டுக்கு இதில் பங்கு கிடையாது.

காலையில இட்லி சாப்பிட்டுட்டு வந்துட்டேனே, இன்னிக்கு டெஸ்ட் எடுக்க முடியாதா?

எடுக்கலாம். இங்கே நாங்கள் செய்வது சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் எடுக்கும் சோதனை. 75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கரைத்து, ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சுகர் என்று எழுதுவோம்.

இப்படி வைத்ததற்குக் காரணம் உங்கள் பஸ்தான். இரண்டு பஸ் மாறி வருகிற ஏழு மாதக் கர்ப்பிணியை வெறும் வயிற்றோடு வா என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள், வந்தவர்களில் சிலர் மயங்கி விழுவார்கள். சோதனை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஆளே வராவிட்டால் என்ன பிரயோஜனம் என்பதுதான் சேஷய்யா தரப்பின் வாதம். இதை எல்லா டாக்டர்களும் ஒத்துக்கொண்டார்களா என்றால் இல்லை, அது கீழே வரும்.

குடிச்சதும் வாந்தி வந்துடுச்சு. இன்னொரு டம்ளர் குடிக்கணுமா?

அன்றைக்கே இன்னொரு டம்ளர் வேண்டாம். குடித்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுநாள் வந்து முதலிலிருந்து செய்ய வேண்டும். அரை மணி நேரம் தாண்டி வந்தால் சோதனை அப்படியே தொடரும். அதனால்தான் சீட்டில் நேரத்தை எழுதித் தருகிறேன், அதைத் தொலைத்துவிட்டு “ஒரு பத்து மணி இருக்கும் சார்” என்று சொன்னால் எனக்குக் கஷ்டம்.

வாந்தியைத் தவிர்க்க ஒரு வழி சொல்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு மடக்கென்று ஒரே இழுப்பில் குடிப்பவர்கள்தான் அதிகம் வாந்தி எடுக்கிறார்கள், இது என் பெஞ்சில் பார்த்த கணக்கு. கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டுக்கொண்டால் குமட்டாது. குடித்த பிறகு அங்கே இங்கே நடக்காதீர்கள், நடந்தால் சர்க்கரை செலவாகி அளவு குறைத்துக் காட்டும்.

மூணாம் மாசம் பார்த்து நார்மல்னு சொன்னீங்க. மறுபடியும் ஏன் கூப்பிடறீங்க?

நஞ்சுக்கொடி பற்றி மேலே சொன்னதை மறுபடி படித்துப் பாருங்கள். மூன்றாம் மாதத்தில் அது இன்னும் சின்னது. 24 முதல் 28 வாரத்துக்குள்தான் அதன் வேலை உறைக்கத் தொடங்கும். அதனால் முதல் தடவை வரும்போது ஒன்று, 24-28 வாரத்தில் இன்னொன்று. முதலாவது எதற்கு என்றால், கர்ப்பத்துக்கு முன்பே தெரியாமல் சுகர் இருந்தவர்களைப் பிடிக்க. அவர்கள் கதை வேறு, குழந்தைக்கு ஆபத்தும் அதிகம்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் சீக்கிரம் வைத்தியம் தொடங்கலாமா என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வில் 20 வாரத்துக்கு முன்பே வைத்தியம் தொடங்கியவர்களின் குழந்தைகளில் 24.9 சதவீதம் பேருக்கும், பொறுத்திருந்து பார்த்தவர்களின் குழந்தைகளில் 30.5 சதவீதம் பேருக்கும் பிறந்த சமயத்தில் ஏதாவதொரு சிக்கல் வந்தது. பலன் உண்டு, ஆனால் ஓஹோ என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

142 வந்திருக்கு. 140-க்கு ரெண்டுதானே கூட, அதுக்குப் போயி சுகர்னு எழுதணுமா?

ஒரு அம்மா இதற்காக என்னிடம் அரை மணி நேரம் சண்டை போட்டார். உள்ளபடி சொன்னால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. 139-க்கும் 141-க்கும் உடம்பில் பெரிய வித்தியாசம் எதுவும் கிடையாது.

இதைக் காட்டியது ஹாப்போ என்ற ஆய்வு, 2008-ல் வெளிவந்தது. ஒன்பது நாடுகளில் 25,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்குக் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தார்கள். அளவு மிக மோசமாக இருந்தவர்களுக்கு மட்டும் சொல்லி வைத்தியம் செய்தார்கள், மற்றவர்களின் முடிவு அவர்களுக்கும் தெரியாது, பிரசவம் பார்த்த டாக்டருக்கும் தெரியாது. கடைசியில் 23,316 பேரின் கணக்கைப் போட்டுப் பார்த்தால், சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடையும் சிசேரியனும் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்குவதும் கூடிக்கொண்டே போயின. இதுவரை பத்திரம், இதற்கு மேல் ஆபத்து என்று சொல்ல நடுவில் ஒரு இடமும் இல்லை, ஏணியில் படி வைத்தாற்போல ஏற்றம்தான்.

கோடு இல்லாத இடத்தில் மனிதர்கள்தான் கோடு போட வேண்டியிருந்தது. அந்தக் கோட்டுக்கு ரெண்டு மேலே நீங்கள். அதற்காகப் பயப்படவும் வேண்டாம், சீட்டைக் கிழித்துப் போடவும் வேண்டாம். இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்போம், 142 வந்தவர்களில் நிறையப் பேருக்கு அதுவே போதும்.

தனியார் லேப்ல வெறும் வயித்துல எடுத்து மூணு தடவை குத்தினாங்க. அவங்க இருக்குங்கறாங்க, நீங்க இல்லங்கறீங்க. யாரு சொல்றது சரி?

இரண்டும் வேறு வேறு கோடு. அவர்கள் செய்தது ஹாப்போ முடிவுகளை வைத்து 2010-ல் உலக அளவில் வகுத்த முறை, 2013-ல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. வெறும் வயிற்றில் 92, குளுக்கோஸ் குடித்து ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153. இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டால் போதும், சுகர். நம் முறையில் வெறும் வயிற்று அளவே கிடையாது. ஆகவே வெறும் வயிற்றில் 96 இருந்து, இரண்டு மணியில் 130-க்கு இறங்கிவிடுகிற ஒருவர் அங்கே சுகர், இங்கே நார்மல்.

வேடிக்கை என்னவென்றால் இந்தச் சண்டையின் இரு தரப்பும் சென்னைதான். டாக்டர் வி. மோகன் குழு 2014-ல் ஆயிரத்துச் சொச்சம் கர்ப்பிணிகளை முதலில் சாப்பிட்ட நிலையிலும், பிறகு வெறும் வயிற்றிலும் சோதித்தது. வெறும் வயிற்றுச் சோதனை சுகர் என்று காட்டியவர்களில் கால்வாசிப் பேர் அளவுக்குத்தான் சாப்பிட்டுவிட்டுச் செய்த சோதனையில் சிக்கினார்கள். இன்னொரு பக்கம், எல்லோரையும் வெறும் வயிற்றோடு வரவழைத்து மூன்று முறை ரத்தம் எடுக்க என் லேப் மாதிரி இடங்களில் ஆளும் இல்லை நேரமும் இல்லை.

என் அபிப்பிராயம் கேட்டால், ஊருக்கே செய்வதற்கு நம் முறை, வசதி உள்ளவர்களுக்கு அந்த முறை. அங்கே இருக்கு என்று வந்துவிட்டால் எங்கள் சீட்டைக் காட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், இரண்டையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூணு மாசச் சராசரி டெஸ்ட்னு ஒண்ணு இருக்கே, அதை எடுத்துட்டா இந்தத் தண்ணியே வேணாமே?

கர்ப்பத்தில் ரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரம் சீக்கிரம் மாறுவதால் அந்த அளவு குறைத்துக் காட்டும். ரத்தசோகை இருந்தால் இன்னும் குழப்பும், நம் ஊரில் ரத்தசோகை இல்லாத கர்ப்பிணியைத் தேட வேண்டும். முதல் மூன்று மாதத்தில் பழைய சுகரைப் பிடிக்க உதவும், ஏழாம் மாதத்துக்கு ஆகாது.

குழந்தை ஊனமா பொறக்குமா சார்?

இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை, கிளம்பும்போது வாசலில் நின்று கேட்பார்கள். குழந்தையின் இதயம், முதுகெலும்பு எல்லாம் முதல் இரண்டு மாதத்தில் உருவாகிவிடுகின்றன. உங்களுக்குச் சுகர் ஏறியது ஆறாம் மாதத்தில் என்றால் அந்த வேலை எப்போதோ முடிந்திருக்கும். உறுப்புக் குறை பயம் கர்ப்பத்துக்கு முன்பே சுகர் இருந்து கவனிக்காமல் விட்டவர்களுக்குத்தான், முதல் சோதனை அவர்களுக்காகத்தான் என்று மேலே சொன்னேன்.

உங்கள் விஷயத்தில் நடப்பது வேறு. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் தாண்டாது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தை தன் சொந்தக் கணையத்தில் இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. அந்த இன்சுலின் கொழுப்பைச் சேர்க்கும், குழந்தை பருக்கும். கோபன்ஹேகனில் யோர்கன் பெடர்சன் என்ற டாக்டர் 1950-களிலேயே சொன்ன விளக்கம் இது, இன்னும் நிற்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து சட்டென்று நிற்கும், ஆனால் குழந்தையின் இன்சுலின் உடனே நிற்காது, அதனால் பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிடலாம். பிறந்ததும் குழந்தையின் குதிகாலில் குத்திப் பார்ப்பதும் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

குழந்தை கொழுக்கு மொழுக்குன்னு இருந்தா நல்லதுதானே?

தோள் பெருத்த குழந்தை பிரசவத்தில் தலை வந்த பிறகு தோளில் சிக்கிக்கொள்ளும். அந்தச் சில நிமிடங்களைப் பார்த்த எந்த நர்ஸிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள்.

எடை மட்டும் பார்த்தால் நாம் ஏமாறவும் செய்வோம். புனேயில் டாக்டர் யாக்னிக் குழுவினர் அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். புனே குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, அவர்கள் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, உறுப்புகளும் சின்னவை, ஆனால் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. ஆகவே “என் குழந்தை மூணு கிலோதானே, சுகர் ஒண்ணும் பண்ணல” என்று சொல்லிவிட முடியாது.

சோறே சாப்பிடக் கூடாதா?

சாப்பிடலாம், மலைபோலக் குவித்துச் சாப்பிடக் கூடாது. தட்டில் சோறு குறைந்து காயும் பருப்பும் முட்டையும் கூடினால் போதும். மூன்று வேளைச் சாப்பாட்டைச் சின்னச் சின்னதாக ஐந்தாறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள், அடுத்த வாரம் டெஸ்ட்டில் நல்லபடியாக வர வேண்டும் என்று இரண்டு நாள் கஞ்சியோடு கிடந்து வந்தவரைப் பார்த்திருக்கிறேன். கஞ்சி கடகடவென்று சர்க்கரையை ஏற்றும், அதுவும் தெரியாமல்.

நிறையப் பேருக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் பின்தான் அளவு எகிறும், அந்நேர ஹார்மோன்கள் அப்படி. இட்லி நாலு என்பதை இரண்டாக்கி, சாம்பாரைக் கூட்டிக்கொண்டு, சாப்பிட்ட பிறகு ஒரு பதினைந்து இருபது நிமிடம் நடந்தாலே என் மீட்டரில் வித்தியாசம் தெரிகிறது. வைத்துக்கொள்ள வேண்டிய அளவு: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணியில் 120-க்குக் கீழே.

ஊசின்னா பயமா இருக்கு. மாத்திரை குடுக்க மாட்டாங்களா? ஒரு தடவை போட்டா காலம் பூரா போடணுமாமே?

காலம் பூராவும் இல்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அதன் ஹார்மோனும் போய்விடும், பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்தோடு ஊசி நின்றுவிடும்.

மாத்திரை என்றால் மெட்ஃபார்மின். 2008-ல் வெளியான ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வில் 751 பேரில் பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு இன்சுலின் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளுக்கு வந்த சிக்கல்களில் வித்தியாசம் இல்லை. ஆனால் மாத்திரை எடுத்தவர்களில் 46 சதவீதம் பேருக்குப் பின்னால் இன்சுலினும் சேர்க்க வேண்டி வந்தது. மாத்திரை நஞ்சுக்கொடியைத் தாண்டும், இன்சுலின் தாண்டாது என்பதும் ஒன்று. அந்தக் குழந்தைகளை ஒன்பது வயது வரை தொடர்ந்து பார்த்ததில் ஆக்லாந்தில் மாத்திரைக் குழந்தைகள் கொஞ்சம் பெரிதாக இருந்தார்கள், அடிலெய்டில் வித்தியாசமே இல்லை. டாக்டருக்கு டாக்டர் கருத்து மாறுவதற்கு இதுதான் காரணம், உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

நுரையீரல் ஊசி போட்ட அன்னிக்கு 200 தாண்டிடுச்சு. மீட்டர் தப்பா?

மீட்டர் சரிதான். குறைமாதப் பிரசவம் ஆகிவிடுமோ என்ற சந்தேகத்தில் குழந்தையின் நுரையீரலுக்காகப் போடுவது ஸ்டீராய்டு ஊசி, அது தாயின் சர்க்கரையைச் சில நாள் ஏற்றிவிடும். ஊசி போட்டதை லேபில் சொல்லுங்கள். அதற்குப் பயந்து ஊசியே வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

இவ்வளவு செய்யறது நிஜமாவே பலன் தருதா, இல்ல எல்லாம் வியாபாரமா?

2005-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 1000 பெண்கள். ஒரு பாதிக்குச் சாப்பாட்டு யோசனை, சர்க்கரை கண்காணிப்பு, தேவைப்பட்டால் இன்சுலின். மறு பாதிக்கு வழக்கமான பிரசவ கவனிப்பு மட்டும். குழந்தை இறப்பு, தோள் சிக்குதல், எலும்பு முறிவு போன்ற பெரிய சிக்கல்கள் வைத்தியம் செய்த பக்கம் 1 சதவீதம், செய்யாத பக்கம் 4 சதவீதம். இறந்த ஐந்து குழந்தைகளும் செய்யாத பக்கம். நான்கு கிலோவோ அதற்கு மேலோ பிறந்தவை செய்த பக்கம் 10 சதவீதம், செய்யாத பக்கம் 21. இதை வியாபாரம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் கோட்டை எவ்வளவு கீழே இறக்கலாம் என்பது தனிக் கேள்வி. 2022-ல் நியூசிலாந்தில் நாலாயிரத்துச் சொச்சம் பேரில் ஒரு பாதிக்கு அந்த 92 கோடு, மறு பாதிக்கு இன்னும் உயரமான கோடு வைத்துப் பார்த்தார்கள். தாழ்ந்த கோட்டில் 15.3 சதவீதம் பேர் சுகர் ஆனார்கள், உயர்ந்த கோட்டில் 6.1. பெருத்துப் பிறந்த குழந்தைகள் இரு பக்கமும் ஏறக்குறைய 9 சதவீதம்தான். ஆனால் இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்றவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால், வைத்தியம் கிடைத்தவர்களுக்குப் பெருத்த குழந்தைகள் நன்றாகவே குறைந்திருந்தன. ஊர்க் கணக்கு ஒன்று சொல்கிறது, ஆள் கணக்கு இன்னொன்று சொல்கிறது. அந்த 142 அம்மாவிடம் இன்று பேசினால் இதையும் சொல்லியிருப்பேன்.

பிரசவம் ஆச்சு, சுகரும் போயிடுச்சு. இன்னும் ஏன் போன் பண்ணிக் கூப்பிடறாங்க?

போனது நஞ்சுக்கொடி. அந்தக் கணையம் உங்களிடம்தான் இருக்கிறது. கர்ப்பத்தில் சுகர் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சுகர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் பத்து மடங்கு என்று 2020-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். பிரசவத்துக்குப் பின் யாரும் வருவதில்லை என்பதுதான் என் பெரிய குறை. ஒன்பது மாதமும் குழந்தைக்காக ஓடி ஓடி வந்தவர்கள், தனக்கென்று வந்ததும் காணாமல் போய்விடுகிறார்கள்.

தள்ளிப்போட வழி இருக்கிறது. தாய்ப்பால் கொடுப்பதும் உதவுகிறது. முன்பு கர்ப்பகாலச் சுகர் வந்து, பிறகு எல்லைக்கோட்டில் நின்ற பெண்களிடம் அமெரிக்காவில் பார்த்தபோது, உணவு-உடற்பயிற்சி மாற்றமோ மெட்ஃபார்மினோ எதுவானாலும் நிரந்தரச் சுகரை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது.

என் புள்ளைக்கும் பின்னால வருமா?

வாய்ப்பு கூடுதல்தான். பரம்பரையா, கருப்பையில் பட்ட சர்க்கரையா என்பதைப் பிரித்துப் பார்க்க அரிசோனாவில் பீமா பழங்குடிக் குடும்பங்களில் ஒரு நல்ல யோசனை செய்தார்கள். ஒரே தாயின் பிள்ளைகளில், அவளுக்குச் சுகர் வருமுன் பிறந்தவரையும் வந்தபின் பிறந்தவரையும் ஒப்பிட்டார்கள். பின்னால் பிறந்தவருக்குச் சுகர் வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். தகப்பனுக்குச் சுகர் வந்ததை வைத்து இப்படிப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. அப்படியானால் கருப்பைக்கும் ஒரு பங்கு உண்டு. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே சோதித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

ஆறாவது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போட வருவேன். அன்னிக்கே எனக்கும் பார்த்துடுவீங்களா?

பார்த்துவிடலாம், அதைத்தான் நானே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தடவை மேலே சொன்ன இட்லி விதி செல்லாது. வெறும் வயிற்றில் ஒன்று, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணியில் ஒன்று என இரண்டு ரத்தம். 100-க்குக் கீழேயும் 140-க்குக் கீழேயும் வந்தால் நார்மல், 126 அல்லது 200-ஐத் தொட்டால் சுகர், நடுவில் வந்தால் டாக்டரைப் பாருங்கள். எட்டரைக்குள் வந்தால் வரிசையில் முதல் ஆளாக எடுத்து அனுப்பிவிடுவேன். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வாருங்கள், இட்லியை டப்பாவில் கட்டிக்கொண்டு வந்தால் இரண்டாவது ரத்தம் எடுத்ததும் இதே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம்.